குழாயில் தெரிகிற நாடு, சுவிட்சில் ஏன் தெரியவில்லை?

நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் 1964 ஜனவரியில் பிறந்தவள். சிங்கப்பூர் முழுவதும் பத்து மாதங்கள் நீடித்த தண்ணீர்ப் பங்கீட்டின் கடைசிக் கட்டம் அது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துப் பிடித்துவைத்த அண்டாவிலிருந்துதான் என்னை முதன்முதலில் குளிப்பாட்டினார்களாம். "உன் தலையில் ஊற்றியதை உலையில் ஊற்றியிருந்தால் இரண்டு வேளைச் சோறு பொங்கியிருக்கும்" என்று அம்மா கடைசிவரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா நகராண்மைக் கழகத்தில் குழாய் பதிக்கும் தொழிலாளி. 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகம் உருவானதும் அவருடைய வேலையும் அதற்குப் போனது. எங்கள் வீட்டுக்குச் சம்பளமும் தண்ணீரிலிருந்துதான் வந்தது, சண்டையும் தண்ணீரால்தான் வந்தது.

பிறகு நான் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை ஆனேன். மார்ச் மாதத்தில் உலகத் தண்ணீர் தினத்தையொட்டிப் பள்ளிகளில் நடக்கும் பங்கீட்டுப் பயிற்சிகளை நீங்கள் அறிவீர்கள். குழாய்களை மூடிவிடுவோம். பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். பாதி தண்ணீர் தாழ்வாரத்திலேயே சிந்திவிடும். ஆனாலும் அன்று பிள்ளைகளின் முகத்தில் ஒரு கம்பீரம் இருக்கும். ஏதோ படையில் சேர்ந்துவிட்டது போன்ற நடை. நமக்குத் தண்ணீர் தரும் மலேசிய மாநிலம் ஜொகூர். "டீச்சர், ஜொகூர் குழாயை மூடிவிட்டால் நாம் என்ன செய்வோம்?" என்று கேட்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை கேட்கும் அந்தக் கேள்வியில் நாட்டின் எல்லை இருந்தது, வரலாறு இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது.

இப்போது என் பேரனுக்கு ஒன்பது வயது. பல் துலக்கும்போது குழாயை மூடாவிட்டால் என்னையே அதட்டுவான். அதே பிள்ளை தன் அறைக்குப் போய்க் குளிரூட்டியை 19இல் வைத்துவிட்டு, தடித்த போர்வைக்குள் சுருண்டு தூங்குவான். ஒரு நாள் கேட்டேன்: "இதையும் கொஞ்சம் குறைக்கலாமே, ஐயா?" அவன் சொன்னான்: "அதற்குத்தான் அப்பா காசு கட்டுகிறாரே, பாட்டி." தண்ணீருக்கும் உன் அப்பாதான் கட்டுகிறார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது வேறு" என்றான்.

அந்த "வேறு" எங்கிருந்து வந்தது என்று பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தண்ணீர் "வேறு" ஆனது தற்செயலாக நடந்ததல்ல. 1942 ஜனவரி கடைசியில் ஜப்பானியப் படையிடமிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, ஜொகூரோடு நம்மை இணைக்கும் கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது அதன்மேல் வந்த தண்ணீர்க் குழாயும் போனது. இரண்டே வாரத்தில், பிப்ரவரி 15 அன்று, சரணடைவு. இன்று அதே தேதியை முழுமைத் தற்காப்பு தினமாகக் கடைப்பிடிக்கிறோம். 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் ஜொகூரோடு இரண்டு ஒப்பந்தங்கள். 1965இல் பிரிந்தபோது அந்த இரண்டுக்கும் பிரிவினை உடன்பாட்டிலேயே உறுதி வாங்கிக்கொண்டார்கள். முதல் ஒப்பந்தம் 2011இல் முடிந்தது. இரண்டாவது 2061இல் முடியும். ஆயிரம் கேலனுக்கு மூன்று காசு என்ற விலை எங்கள் தலைமுறைக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். 2018இல் மகாதீர் மீண்டும் மலேசியப் பிரதமராகி அந்த விலையைக் குறை சொன்ன வாரத்தில், தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனவர்கள்கூட ஒப்பந்தச் சட்டம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையின் உச்சம் 2002. மலேசியாவோடு தண்ணீர்ப் பேச்சுவார்த்தை கசந்துபோயிருந்த நேரம். தேசிய தின அணிவகுப்பில் பிரதமர் கோ சோக் டோங்கோடு சேர்ந்து ஏறக்குறைய 60,000 பேர், கழிவுநீரைச் சுத்திகரித்துச் செய்த புதுநீர்ப் புட்டியை உயர்த்திக் குடித்தார்கள். நாங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். "கக்கூஸ் தண்ணீரையா குடிக்கிறார்கள்?" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். அப்பாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. "அடுத்தவன் எப்போது மூடுவான் என்று பார்த்துக் குடிப்பதைவிட இது மேல்" என்றார். அதற்குமேல் எங்கள் வீட்டில் விவாதம் இல்லை.

அதே தொழில்நுட்பத்துக்கு வேறோர் ஊரில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தூவும்பா என்று ஒரு நகரம். கடும் வறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றிக்கொண்டிருந்தன. சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு கலக்கலாமா என்று 2006 ஜூலையில் மக்களிடம் வாக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் அறிவில் நமக்குக் குறைந்தவர்கள் அல்லர். தாகம் அவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது ஒரு கோப்பைத் தண்ணீர். நம் கையில் கொடுக்கப்பட்டது கொடி. அருவருப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நாட்டுப்பற்று அதை விழுங்கவைத்தது இங்கேதான்.

இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஓர் அரசு செய்யக்கூடிய பெரிய காரியங்களில் ஒன்று அது என்றே நினைக்கிறேன். 1991இல் தண்ணீர்ச் சேமிப்பு வரி வந்தது. 2017இல் தண்ணீர் விலையை 30 விழுக்காடு உயர்த்தப்போவதாக அறிவித்தீர்கள். காப்பிக்கடையில் முணுமுணுப்பு பலமாகத்தான் இருந்தது, நானும் முணுமுணுத்தேன். ஆனால் விலையைத் திட்டியவர்களில் ஒருவர்கூடத் தண்ணீரை எதற்காகச் சேமிக்க வேண்டும் என்று கேட்டதாக நினைவில்லை. 2003இல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 165 லிட்டராக இருந்த வீட்டுப் பயன்பாடு 2023இல் 141 லிட்டராகக் குறைந்தது. விலைக்கும் சிக்கனக் குழாய்களுக்கும் அதில் பங்கு உண்டு. வாளி தூக்கிய பிள்ளைகளுக்கும் உண்டு.

இனி சுவிட்சுக்கு வருகிறேன்.

பெரிய ஆலைகள் வெளிவிடும் கரியமில வாயுவுக்கான கரிம வரி 2019இல் ஒரு டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கியது. 2024இல் 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி, 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி என்று பாதை போட்டிருக்கிறீர்கள். தென்கிழக்காசியாவில் இதை முதலில் செய்தது நாம்தான். தண்ணீர் விஷயமாக இருந்திருந்தால் இதற்குள் ஒரு பாட்டு வந்திருக்கும், ஒரு பொம்மைச் சின்னம் வந்திருக்கும். தண்ணீருக்கு வாட்டர் வாலி இருக்கிறதே! ஆனால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் உட்காரும் பெரியவர்களிடம் கரிம வரி என்றால் என்னவென்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர், "மின்சாரக் கட்டணம் ஏறும், யூ-சேவ் தள்ளுபடி கொடுப்பார்கள், அதுதானே?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நாலறை வீட்டுக்கு மாதம் சுமார் 4 வெள்ளி கூடும், அதற்கு ஈடாகத் தள்ளுபடி உண்டு என்று நீங்கள் விளக்கியதைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். தண்ணீரைப் பற்றி நீங்கள் எங்களிடம் பேசியது நாடு. கரிமத்தைப் பற்றிப் பேசியது ரசீது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜொகூர் குழாயைப் போலவே அந்தச் சுவிட்சுக்குப் பின்னாலும் ஒரு குழாய் இருக்கிறது. நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய்வழி வந்தது. தண்ணீருக்கு ஓர் அண்டை நாடு, மின்சாரத்துக்கு இரண்டு. ஆனாலும் "எரிவாயுக் குழாயை மூடிவிட்டால் என்ன செய்வோம், டீச்சர்?" என்று ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. அதைப் பாடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, நானும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தந்திருந்தால் சரியாகியிருக்குமா? அங்கேதான் எனக்குத் தயக்கம். பழைய கதையை அப்படியே எடுத்து இங்கே ஒட்டவைத்தால் ஒட்டாது. எரிவாயு நின்றுவிடுமோ என்ற பயத்துக்கு நாம் கண்ட பதில், 2013இல் திறந்த திரவ எரிவாயு முனையம். உலகின் எந்த மூலையிலிருந்தும் கப்பலில் வாங்கலாம். பயம் தீர்ந்தது. எரிப்பது குறையவில்லை. ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்று பழகிய மனம், வெளிக்கதவைப் பூட்டியதும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறது.

புகைமூட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. எதிர் புளோக் கண்ணுக்குத் தெரியவில்லை. முகக்கவசத்துக்குக் கடைகளில் அடிதடி. அடுத்த ஆண்டே எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம் வந்தது. வெளிநாட்டில் காட்டை எரிக்கும் நிறுவனத்துக்கும் இங்கே ஒரு நாளைக்கு 100,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம் என்ற துணிச்சலான சட்டம். அதை எதிர்த்து யாரும் முணுமுணுக்கவில்லை. 2015இல் பேரங்காடிகள் சில காகிதப் பொருள்களை அடுக்குகளிலிருந்தே எடுத்தபோது மக்கள் கைதட்டினார்கள். புகை அங்கிருந்து வந்தது, நெஞ்செரிச்சல் நமக்கு. கதையில் யார் யார் என்பது தெளிவாக இருந்தது.

நாம் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காற்று அதை எங்கோ கொண்டுபோய்விடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், அது நம்முடையது.

கடல்மட்ட விஷயத்திலும் இதையேதான் பார்க்கிறேன். 2019 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், கடலிலிருந்து நாட்டைக் காக்க 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்றார். பருவநிலைத் தற்காப்பை ஆயுதப் படையோடு ஒப்பிட்டு, இரண்டும் உயிர் போகிற காரியம் என்ற தொனியில் பேசினார். கேட்டபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. தேசிய சேவைக்கு மகனை அனுப்பிய எந்தத் தாய்க்கும் சிலிர்க்கும். நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு கடல்மட்டத்துக்கு மேல் ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது என்றால், சுவர் எழுப்பாமல் முடியாது. அந்தச் சுவருக்கு மக்கள் ஆதரவு தருவார்கள், வரியும் தருவார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சுவர் கட்டுகிறவனுக்குக் கடல்தான் எதிரி. கடல் ஏன் உயர்கிறது என்ற கேள்வி சுவருக்கு இந்தப் பக்கம் வருவதில்லை. தற்காப்பில் ஊறிய நம் நாட்டுப்பற்று அணை கேட்டால் தரும், அரண் கேட்டால் தரும். "உன் வீட்டில் எரிவதைக் குறை" என்றால், "அதற்குத்தான் காசு கட்டுகிறோமே" என்று என் பேரனைப் போலத்தான் பேசும்.

"நாம் ஒரு சிவப்புப் புள்ளி, உலகம் வெளிவிடும் வாயுவில் நம் பங்கு 0.1 விழுக்காடுதான்" என்பதும் நம் அடையாளத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. சின்ன நாடு என்பதால் உயிர்பிழைக்க இரட்டிப்பாக உழைத்தோம் என்று பெருமையாகச் சொல்கிற அதே வாய், சின்ன நாடு என்பதால் நாம் செய்து என்ன ஆகிவிடப்போகிறது என்றும் சொல்கிறது. இரண்டையும் உங்கள் உரைகளிலிருந்தே கற்றுக்கொண்டோம் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

அடுத்து, தூய்மை. இதைப் பற்றி எழுதும்போது என் கையே கொஞ்சம் பின்வாங்குகிறது, ஏனென்றால் அந்தப் பெருமை எனக்கும் நிறைய உண்டு. 1968 அக்டோபரில் "சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்" இயக்கம் தொடங்கியபோது எனக்கு நாலு வயது. 1977இல் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்துச் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப்படுகையையும் சுத்தம் செய்யச் சொன்னார். பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், ஆற்றோரக் குடிசைகள், தெருவோர உணவுக்கடைகள் எல்லாம் அகன்றன. 1987இல் ஆறு சுத்தமானது. சுண்ணாம்புக் கம்பம் என்று எங்கள் பெரியவர்கள் அழைத்த சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கால்வாய் நாற்றம் என் சிறுவயது மூக்கில் இன்னும் இருக்கிறது. என் மாணவர்கள் யாருக்கும் அது கிடைக்கவில்லை. பெரும் பேறு.

ஆனால் தூய்மையும் பசுமையும் ஒன்றல்ல என்பதை நாங்கள் பிரித்துப் பார்க்கவே இல்லை. சில இடங்களில் ஒன்றுக்கொன்று எதிராகவும் நிற்கின்றன. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு என்றீர்கள். எங்கள் புளோக்கில் எழுந்த முதல் கேள்வி: "அப்படியானால் குப்பையை எதில் கட்டிப் போடுவது?" சிரிக்காதீர்கள். குப்பையைப் பையில் போட்டு இறுகக் கட்டித்தான் குப்பைக் குழாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் கரப்பானும் எலியும் வரும் என்று எங்களுக்குச் சொன்னதும் அரசாங்கம்தான். பை இல்லாத குப்பை எங்களுக்கு ஒழுங்கீனம், கிட்டத்தட்ட தேசத்துரோகம். சமையலறையிலேயே குப்பைக் குழாய் இருக்கிறது. மூடியைத் திறந்து போட்டால் தடதடவென்று கீழே போகிறது. அதன்பிறகு அது என்னவாகிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

குப்பையை எரித்த சாம்பல் போய்ச் சேரும் புலாவ் செமாக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறீர்கள். 2023இல் வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 12 விழுக்காடுதான். மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு மறுசுழற்சிக்கே உதவாது. மீன் கறி ஊற்றிய பொட்டலத்தையும் பழைய தலையணையையும் அதில் நானே பார்த்திருக்கிறேன். நம் மக்கள் சோம்பேறிகள் அல்லர். வீடு பளிச்சென்று இருந்துவிட்டால் நாட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது. கண்ணில் படாமல் போனதே சுத்தம் என்று அறுபது ஆண்டுகளாகப் பழகிவிட்டோம்.

கண்ணில் படாமல் செய்வது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் புளோக்கின் அடியில் குப்பை வண்டியை இழுக்கிற தம்பிகளில் ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். தாழ்வாரத்தைக் கூட்டுகிறவர் வங்காளதேசத்துக்காரர். உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பதை 2021இல் கட்டாயமாக்கியபோது, "அப்படியானால் துப்புரவாளர்களுக்கு வேலை போய்விடாதா?" என்று கரிசனத்தோடு கேட்டவர்கள் நிறையப் பேர். நல்ல மனம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள், அழுக்காக்குவது குடிமக்களின் வேலை, துடைப்பது மற்றவர்களின் வேலை என்ற ஏற்பாடு ஒளிந்திருந்தது. தேசிய உறுதிமொழியில் நாம் "நாம்" என்று சொல்லும்போது அந்தப் புதுக்கோட்டைத் தம்பி அதில் இல்லை. அவர் இல்லாத அந்த "நாம்" தன் குப்பையின் கனத்தைத் தூக்கிப் பார்த்ததே இல்லை.

மரங்களைப் பற்றியும் ஒரு வரி. சாங்கி விமான நிலையத்திலிருந்து வரும் விருந்தாளி வியந்து பார்க்கும் அந்தக் குடை விரித்த மரங்களைத் தமிழில் தூங்குமூஞ்சி மரம் என்போம். அவை தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை, நம் பாட்டன்மார்களைப் போல. வந்து, வேரூன்றி, ஊரின் முகமாகிவிட்டன. அழகான கதை. ஆனால் நட்டு வளர்த்த மரத்துக்குக் கிடைக்கிற பாசம், தானாக முளைத்த காட்டுக்குக் கிடைப்பதில்லை. தெங்காவில் நகரம் எழுப்பக் காடு வெட்டப்பட்டபோது, "வெறும் புதர்தானே" என்று படித்தவர்களே சொன்னார்கள். மாறாக, புலாவ் உபின் தீவின் செக் ஜாவாவை 2001இல் தூர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கில் மக்கள் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துச் சென்று நட்சத்திர மீன்களைப் பார்த்தார்கள். அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இடம் இன்றும் இருக்கிறது. அங்கே மக்களை யாரும் திரட்டவில்லை. கால் நனைத்தவர்கள் அதைத் தம் ஊர் என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதில்தான் எனக்கு ஒரு வழி தெரிகிறது. தண்ணீர் எங்களுக்கு நாடானதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. நீங்கள் எங்களை உள்ளே விட்டீர்கள். பிடோக்கில் இருந்த புதுநீர் பார்வையாளர் நிலையத்துக்கு எத்தனை வகுப்புகளை அழைத்துப் போயிருக்கிறேன்! சவ்வு வடிகட்டியைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டினார்கள். 2008இல் திறந்த மரினா அணைக்கட்டின் கூரைப் புல்வெளியில் குடும்பங்கள் பட்டம் விடுகின்றன. காலடியில் நீர்த்தேக்கம், தலைக்கு மேலே காற்றாடி. ஜொகூரில் உள்ள லிங்கியூ நீர்த்தேக்கம் 2016இல் 20 விழுக்காட்டுக்குக் குறைந்ததை மறைக்காமல் சொன்னீர்கள். மூன்று காசு விலையைச் சொன்னீர்கள், ஒப்பந்தம் முடியும் ஆண்டைச் சொன்னீர்கள். கெட்ட செய்தியையும் எங்களிடம் ஒப்படைத்ததால்தான் அது எங்கள் தண்ணீர் ஆனது.

கரிமத்தில் அந்த வெளிப்படை இல்லை. ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளிவிடும் ஆலைகள்தான் கரிம வரி கட்டுகின்றன. போட்டியில் பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காக அவற்றில் சிலவற்றுக்குச் சலுகை உண்டு என்பதையும் நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். ஆனால் எந்த ஆலைக்கு எவ்வளவு சலுகை என்பது எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. வர்த்தக ரகசியமாம்.

என் மகன் இரசாயனத் துறையில் வேலை பார்க்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது கோபப்பட்டான். "அம்மா, வரியை ஏற்றினால் ஆலை இந்தத் தீவிலிருந்து வேறு தீவுக்குப் போகும். புகை அதே புகைதான். வேலை மட்டும் இங்கே இருக்காது. என் மத்திய சேம நிதியை யார் கட்டுவது?" முட்டாள்தனமான வாதம் இல்லை. என் ஓய்வுக்காலமே அந்த வளத்தின் நிழலில்தான் நடக்கிறது. இரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவு எதிரி நாடல்ல, நம் சாப்பாட்டுத் தட்டு. அதனால்தான் பழைய கதை இங்கே செல்லுபடியாகாது என்கிறேன். இந்த முறை குழாயைத் திறப்பதும் நாம்தான், மூட வேண்டியதும் நாம்தான். அப்படியொரு கதையை இந்த நாடு தன்னைப் பற்றி இதுவரை சொல்லிக்கொண்டதில்லை.

2019 செப்டம்பரில் ஹோங் லிம் பூங்காவில் பருவநிலைக்காகக் கூடிய இளையர்களில் என் பழைய மாணவி ஒருத்தியும் இருந்தாள். சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். "தேசிய தினத்துக்கு வாங்கியதா?" என்று கேட்டேன். "ஆமாம் டீச்சர், இதுவும் அதற்குத்தான்" என்றாள். அந்தப் பிள்ளைகள் கேட்டதெல்லாம் கணக்கு. எவ்வளவு எரிக்கிறோம், யார் எரிக்கிறார்கள், அதற்காக யாருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம். அவர்களைப் பொறுமையற்றவர்கள் என்று நினைக்காதீர்கள். பங்கீட்டுப் பயிற்சியில் வாளி தூக்கிய பிள்ளைகள் அவர்கள். நாட்டைப் பற்றிய கெட்ட செய்தியைக் கேட்கப் பழக்கப்பட்டவர்கள்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. பானப் புட்டிக்கு 10 காசு வைப்புத்தொகை, பைக்கு 5 காசு என்று சில்லறையில் எங்களிடம் பேசுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, மொத்தக் கணக்கை மேசைமேல் விரியுங்கள். கரிம வரிச் சலுகை யாருக்கு எவ்வளவு என்பதை வெளியிடுங்கள். மூன்று காசு விலையைச் சொல்லி எங்களை வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்வது கடினமாக இருக்காது. சொன்னால் கோபப்படுவோம், வாதாடுவோம், என் மகனும் நானும் சாப்பாட்டு மேசையில் சண்டை போடுவோம். 2002இல் எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதானே.

பேரன் பள்ளிச் சுற்றுலாவில் மரினா அணைக்கட்டுக்குப் போய்வந்தான். வந்ததும் என்னிடம் கேட்டான்: "தண்ணீர் எங்கே செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டேன். அந்தப் புகை எங்கே செய்கிறார்கள், பாட்டி?" மேற்குக் கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்துப் போய், தூரத்தில் தெரிந்த கோபுரங்களையும் இரவு முழுவதும் எரியும் தீக்கொழுந்தையும் காட்டினேன். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான். ஜூரோங் தீவு 2001 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி, அனுமதிச் சீட்டு இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது என்று சொன்னேன். "அப்படியானால் அனுமதி கேளுங்கள்" என்றான்.

கேட்கிறேன். நாங்கள் இரண்டு பேர். பள்ளி விடுமுறையில் எந்த நாளானாலும் சரி. தேதியைச் சொன்னால் அடையாள அட்டை விவரங்களை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
தோ பாயோ